கேளுங்கள், சொல்கிறேன்: நொடிக்கு 2.7 ஜிகாபைட்?

கேள்வி: மின்மீட்டர் அளவுகளைக் குறியாக்கம் செய்து அனுப்பும் கருவி ஒன்றை பீகிள்போன் பிளாக் என்ற சிறிய கணினி போர்டில் செய்துவருகிறேன். போர்டின் சிப்பிலேயே இருக்கும் ஏஇஎஸ் குறியாக்க வன்பொருளை, நிரல்கள் அதைப் பயன்படுத்த வழிவிடும் கிரிப்டோடெவ் வழியாக இணைத்து, ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளின் வேகம் அளக்கும் ‘ஸ்பீட்’ கட்டளையை ஓட்டினேன். 8,192 பைட் துண்டுகளுக்கு நொடிக்கு 2.7 ஜிகாபைட் என்று காட்டுகிறது. எங்கள் துறைத் தலைவர் நம்ப மறுக்கிறார். திட்ட அறிக்கையில் இந்த எண்ணைப் போடலாமா?
– இறுதியாண்டு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: போடாதீர்கள், அம்மா. உங்கள் துறைத் தலைவரின் சந்தேகம் சரியானது. அந்த போர்டில் உள்ள டிடிஆர்3 நினைவகம் 16 பிட் அகலம் கொண்டது. நொடிக்கு 80 கோடி முறை தரவை மாற்றும். காகிதக் கணக்கிலேயே 1.6 ஜிகாபைட்தான் அதன் உச்சம். குறியாக்க வன்பொருள் அந்த நினைவகத்திலிருந்து படித்து, அங்கேயே திரும்ப எழுதவும் வேண்டும். 2.7 எங்கிருந்து வரும்?

திரையில் வந்த வரிகளை அப்படியே படியெடுத்து அனுப்பினீர்களே, அதற்கு நன்றி. விடை அதிலேயே இருக்கிறது. “10,000 முறை, 0.03 நொடியில்” என்கிறது ஒரு வரி. சோதனை ஓடியதோ 3 நொடி! மீதி நேரம் எங்கே போனது?

ஸ்பீட் கட்டளை வழக்கமாக எண்ணுவது சுவர்க் கடிகார நேரத்தை அல்ல, தன் நிரலுக்காக சிபியு உழைத்த நேரத்தை மட்டுமே. வேலை வன்பொருளிடம் போனதும் உங்கள் நிரல் தூங்கிவிடுகிறது. அந்தக் காத்திருப்பு கணக்கில் வருவதில்லை; இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் செலவாகும் நேரமும் வருவதில்லை. மாவு மில்லில் அரிசியைக் கொடுத்துவிட்டு வாசல் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர், தூக்கை நீட்டிய நேரத்தையும் வாங்கிய நேரத்தையும் மட்டும் கூட்டி “ஒரு நிமிடத்தில் அரைத்துவிட்டார்கள்” என்று சொல்வதைப் போன்றது இது.

கட்டளையில், சுவர்க் கடிகார நேரத்தை எண்ணவைக்கும் ‘எலாப்ஸ்டு’ என்ற விருப்பத்தைச் சேர்த்து மீண்டும் ஓட்டுங்கள். உங்கள் எண்களையே வைத்துப் பார்ப்போம்: 10,000 முறை 8,192 பைட் என்றால் ஏறக்குறைய 82 மெகாபைட். 0.03-ஆல் வகுத்தால் 2.7 ஜிகாபைட், உண்மையான 3 நொடியால் வகுத்தால் 27 மெகாபைட். நூறு மடங்கு வித்தியாசம். 2014-இல் ஒரு வாடிக்கையாளருக்கு நானும் இப்படிப்பட்ட எண்ணை நம்பி வாக்குக் கொடுத்தேன். கருவி களத்துக்குப் போனபின் அந்த வேகம் வரவில்லை. பிழை அளவீட்டில் இருப்பது தெரியாமல் இரண்டு வாரம் டிரைவரில் தேடிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வாரம் உங்களுக்கு வேண்டாம்.

இனி, உங்கள் திட்டத்துக்கு உண்மையில் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்கள் மீட்டர் செய்தி ஒன்றின் அளவு 48 பைட் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 8,192 பைட் வரிசையை ஏன் பார்க்கிறீர்கள்? 16 பைட், 64 பைட் வரிசைகளைப் பாருங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒருமுறை கெர்னலுக்குள் போய், சிபியுவின் தலையீடின்றித் தரவை நகர்த்தும் டிஎம்ஏவை அமைத்து, முடிந்ததும் திரும்ப வேண்டும். துண்டு சிறியதாக இருக்கும்போது இந்தப் போக்குவரத்துச் செலவு குறியாக்கத்தையே விழுங்கிவிடும். வன்பொருளை ஒதுக்கிவிட்டு சிப்பின் சிபியுவான கார்டெக்ஸ்-ஏ8 மையத்திலேயே மென்பொருளாக ஓட்டினால் சிறிய துண்டுகளில் அதுதான் முந்தும். இரண்டையும் அளந்து, எந்த அளவில் ஒன்றையொன்று தாண்டுகின்றன என்று ஒரு வரைபடம் போடுங்கள். அந்த ஒரு வரைபடம் போதும், உங்கள் அறிக்கை நிற்கும்.

அளக்கும் முன் கடிகார வேகத்தைப் பூட்டிவிடுங்கள். இந்த சிப் 300 மெகாஹெர்ட்ஸுக்கும் 1 ஜிகாஹெர்ட்ஸுக்கும் இடையே ஏறி இறங்கக்கூடியது. வன்பொருளுக்காகக் காத்திருக்கும் சிபியுவைச் சும்மா இருப்பதாக நினைத்து, சிபியு வேகத்தை ஏற்றி இறக்கும் கவர்னர் அதைக் குறைத்துவிடும். ‘பெர்ஃபார்மன்ஸ்’ கவர்னருக்கு மாற்றிவிட்டு ஓட்டுங்கள். கவர்னர், ஓபன்எஸ்எஸ்எல் பதிப்பு, கொடுத்த கட்டளை முழுவதும் எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

சிபியு எவ்வளவு ஓய்வாக இருந்தது என்பதையும் தனியாகக் குறியுங்கள். நீங்கள் கண்ட 0.03 நொடி முழுப் பொய்யல்ல. பெரிய துண்டுகளில் வன்பொருள் தரும் உண்மையான லாபம் அந்த ஓய்வுதான்.

கேள்வி: ராஸ்பெர்ரி பை 4-இல் ஏஇஎஸ் மந்தமாக ஓடுகிறது, பை 5-இல் பறக்கிறது. கடிகார வேகம் மட்டும்தான் காரணமா?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. 1.5-க்கும் 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கும் உள்ள இடைவெளி அவ்வளவு பெரிதல்ல. பை 4-இன் சிப்பில் ஆர்ம்வி8 என்ற சிபியு வடிவமைப்பின் குறியாக்கக் கட்டளைகள் சேர்க்கப்படவில்லை. பை 5-இல் இருக்கின்றன. சிபியு விவரக் கோப்பில் ‘ஃபீச்சர்ஸ்’ வரியைத் திறந்து ‘ஏஇஎஸ்’ என்ற சொல்லைத் தேடுங்கள், தெரிந்துவிடும். பை 4-ஐயே வைத்துக்கொள்வதானால் சாசா20-பாலி1305 என்ற மாற்றுக் குறியாக்க முறையை அளந்து பாருங்கள். கூட்டல், சுழற்றல், எக்ஸ்ஓஆர் ஆகியவற்றால் ஆன சாசா20-க்குத் தனி வன்பொருள் தேவையில்லை. அந்த போர்டில் ஏஇஎஸ்-ஐ எளிதில் முந்தும். ஹீட் சிங்க் இல்லாமல் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். 80 டிகிரியை எட்டியதும் போர்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பின்பாதி எண்கள் எதற்கும் உதவா.