பணி ஓய்வுக்குப் பிறகு பினாங்கில் பறவை பார்க்கவும் காட்டுப்பாதையில் நடக்கவும் எப்படித் தொடங்குவது?

கேட்டிருப்பது இதுதான்: கோவையைச் சேர்ந்த தம்பதி, வயது 62, 60. எம்எம்2எச் (மலேசியா மை செகண்ட் ஹோம், வெளிநாட்டவர் நீண்டகாலம் தங்குவதற்கான விசா) மூலம் மலேசியாவின் பினாங்குத் தீவில் குடியேற எண்ணம். காலையில் காட்டோரம் நடக்க வேண்டும், பறவை பார்க்க வேண்டும், முன்பழக்கம் இல்லை. எங்கே வீடு எடுப்பது, என்ன வாங்குவது, எதில் கவனமாக இருப்பது?

ஐயா, முதலில் கடிகாரக் கணக்கு. கோவையில் ஆறரைக்குள் நன்றாக வெளுத்துவிடும். பினாங்கில் ஆறு மணிக்குக் கும்மிருட்டு. தீவு இருப்பது கிழக்கே 100 பாகைத் தீர்க்கரேகையில். ஆனால் 1982 ஜனவரி 1 முதல் மலேசியத் தீபகற்பம் முழுக்க, வெகு கிழக்கே உள்ள சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்துக்கு மாறிவிட்டது. அதனால் ஆண்டு முழுக்கச் சூரியன் எழுவது 7 மணிக்கும் 7.35க்கும் இடையில்தான். பறவைகள் மும்முரமாக இருப்பது விடிந்த முதல் இரண்டரை மணி நேரம். பத்து மணிக்கு மேல் காடும் ஓய்ந்துவிடும், வெயிலும் ஏறிவிடும். ஆக ஒரு நாளில் உங்கள் கைக்குக் கிடைப்பது ஏழேகாலிலிருந்து ஒன்பதே முக்கால் வரை. நடைபாதைக்குப் போய்ச் சேரவே 40 நிமிடம் ஆகும் இடத்தில் வீடு எடுத்தால் வாரத்துக்கு ஒரு நாள் போவீர்கள், மூன்றாம் மாதத்தில் அதுவும் நின்றுவிடும். பத்து நிமிடத் தூரம் என்றால் வாரத்தில் நான்கு நாள் தானாகவே அமையும். எந்தப் பைனாகுலர் என்பதைவிட எந்த வீடு என்பதுதான் பெரிய கேள்வி.

2024இல் திருத்திய விதிப்படி எம்எம்2எச் காரர்கள் வீடு வாங்கியே ஆக வேண்டும். அதைவிட விலை கூடிய வீட்டுக்கு மாறினால் ஒழிய, வாங்கியதைப் பத்து ஆண்டுக்கு விற்க முடியாது. அதனால் விசாவுக்கு முன்பே சுற்றுலாவாக வந்து, ஒரு மாதம் வாடகைக்குத் தங்கி, காலை ஏழு மணிக்கு அந்தந்த இடத்தில் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். புலாவ் தீக்குஸ் வசதியான இடம்: சந்தை, மருத்துவமனை, தமிழ்ச் சாப்பாடு எல்லாம் பக்கம், தாவரவியல் பூங்காவுக்குக் கொஞ்ச நேரக் கார் பயணம்தான். தஞ்சோங் பூங்கா என்ற கடலோரக் குடியிருப்பில் கடல் வடக்கே, மலை தெற்கே. எல்லாரும் கடல் பார்த்த வீட்டைத்தான் கேட்பார்கள். நீங்கள் மலை பார்த்த வீட்டைக் கேளுங்கள், ஐந்தாம் மாடியிலிருந்து பத்தாம் மாடிக்குள். சரிவில் நிற்கும் மரங்களின் தலை உங்கள் பால்கனி உயரத்துக்கு வரும். காப்பி குடித்துக்கொண்டே இருவாச்சியைப் பார்க்க வாய்ப்புண்டு. ஒரு குறை: மலைப்பக்க வீடுகளில் ஈரம் அதிகம். வீடு பார்க்கும்போது துணி அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், ஏர்கான் பின்சுவரில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அந்த வீட்டில் உங்கள் லென்ஸும் கெடும், மூச்சும் இழுக்கும்.

தொடங்க ஒரே இடம் சொல்லச் சொன்னால் தாவரவியல் பூங்கா. மலாய்க்காரர்கள் கெபுன் பூங்கா என்பார்கள். நம்மவர்களுக்கு அந்தப் பகுதியே தண்ணீர்மலை. 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் உருவாக்கியது. உள்ளே தார்ச்சாலை, சமதளம், நடுவே ஓடை, சுற்றிலும் மலைக்காடு. முழங்கால் வலி உள்ளவர்களும் ஒரு சுற்று வந்துவிடலாம். முதல் இரண்டு மாதம் இங்கேயே சுற்றுங்கள், வேறெங்கும் அலைய வேண்டாம். ராப்பிட் பினாங்கு 10ஆம் எண் பேருந்து வருகிறது, ஆனால் விடியற்காலைக்கு அதை நம்ப வேண்டாம், கிராப் (போன் செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே செய்ய வேண்டியது நடப்பதைவிட நிற்பது. தரையில் சின்னச் சின்ன அத்திப்பழங்கள் நசுங்கிக் கிடக்கும் இடத்தைத் தேடுங்கள். லேசாகப் புளித்த வாசனை வரும். மேலே பழுத்த மரம் இருக்கிறது என்று அர்த்தம். மரத்துக்கு நேர் அடியில் நிற்காதீர்கள்: கழுத்து வலிக்கும், ஒன்றும் தெரியாது. இருபது முப்பது அடி தள்ளி, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று 40 நிமிடம் காத்திருங்கள். குக்குறுவான், பச்சைப்புறா, மாங்குயில் ஒவ்வொன்றாக வரும். பறவை அசைந்ததும் கண்ணை அதிலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்துவிடும். புதியவர்கள் பாதிப் பேர் தோற்பது இதில்தான். துணைவிக்குக் காட்டும்போது “அதோ அங்கே” என்று விரல் நீட்டாமல், மரத்தைக் கடிகார முகமாக வைத்து “இரண்டு மணிப் பக்கம், உச்சிக்குக் கொஞ்சம் கீழே” என்று சொல்லிப் பழகுங்கள்.

பூங்காக் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு. கையில் பை தொங்கினால் பிடுங்கும். தண்ணீர், ரொட்டி எல்லாம் முதுகுப்பைக்குள் போகட்டும், ஜிப் மூடியிருக்கட்டும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு மரத்தில் உட்கார்ந்திருக்கும் சாம்பல் நிறக் குரங்கு வேறு இனம். அது உங்கள் வழிக்கு வராது. தைப்பூச வாரத்தில் அந்தச் சாலையில் பறவையை மறந்துவிட்டுக் காவடி பார்க்கப் போங்கள். முருகன் கோயிலின் 513 படிகள் முழங்காலுக்கு நல்ல பரிசோதனையும்கூட: ஏறி இறங்கிய மறுநாள் முட்டி வீங்கவில்லை என்றால் மலைப்பாதைகளை யோசிக்கலாம்.

பினாங்கு மலைக்கு ரயிலிலேயே ஏறி, மேலே நடந்து, ரயிலிலேயே இறங்குங்கள். உச்சி 833 மீட்டர். நகரத்தைவிட நாலைந்து டிகிரி குளிர்ச்சி. பூங்காவிலிருந்து மேலே போகும் ஜீப் சாலையில் நடந்து இறங்கினால் வீரம்போலத் தோன்றும். ஆனால் அவ்வளவு செங்குத்தான தார்ச்சாலையில் ஒவ்வொரு அடியும் முழங்கால் சில்லில் இறங்கும். ஏறுவதைவிட இறங்குவதுதான் வயதான மூட்டைக் கெடுக்கிறது. மேலே ஹாபிடாட் என்ற இயற்கைப் பூங்காவில் 1.6 கிலோமீட்டர் இயற்கைப் பாதையும், மரத் தலைகளைக் கண்மட்டத்தில் காட்டும் பாலமும் உண்டு; நுழைவுக் கட்டணம் தனி. முதல் ரயிலில் போனால் கூட்டத்துக்கு முன் ஒரு மணி நேரம் உங்களுக்கே.

தெலுக் பஹாங் தேசியப் பூங்காவை முதல் ஆண்டில் தள்ளிப்போடலாம். பாதையில் வேரும் ஈரக் களிமண்ணும் ஏற்ற இறக்கமும் அதிகம், பதிவு செய்துவிட்டு உள்ளே போவதற்குள் நல்ல நேரம் பாதி போயிருக்கும். போனால் ஒரு வழி நடை, மறு வழி படகு. கூலியையும் திரும்பும் நேரத்தையும் கிளம்புமுன்பே பேசிவிடுங்கள்.

இனிப் பைனாகுலர். 8x42 வாங்குங்கள்: 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, 42 என்பது முன்லென்ஸின் அகலம் மில்லிமீட்டரில். பெட்டியில் 20x, 30x என்று போட்டு மலிவாக விற்பதைத் தொடாதீர்கள். 10x கூட 60 வயதுக் கைக்கு நடுங்கும், காட்டுக்குள் பார்வைப் பரப்பும் சுருங்கும். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25, அத்தனை மில்லிமீட்டர் அகலத்துக்கு வெளிச்சம் கண்ணுக்குள் வரும், விடியற்கால மரநிழலுக்கு அது தேவை. கழுத்து தாங்காது என்றால் 8x32. கண்ணாடி போடுகிறவர் என்றால் ஐ ரிலீஃப் (முழுக் காட்சியும் தெரியக் கண் லென்ஸிலிருந்து தள்ளியிருக்கக்கூடிய தூரம்) 16 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கண்வளையத்தைக் கீழே திருகிவிட்டுக் கண்ணாடியோடு பாருங்கள், ஓரம் கறுத்தால் வேறு எடுங்கள். உள்ளே நைட்ரஜன் நிரப்பிய, நீர் புகாத வகைதான் இந்த ஊருக்கு. கழுத்துவாருக்குப் பதில் தோளில் மாட்டும் ஹார்னஸ்.

வாங்கியதைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. இந்த ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும்: டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலை போல மெல்லிய நூல் தெரியும். பூச்சையே அரித்துவிட்டால் துடைத்தும் போகாது. கூடவே வரும் உறையில், அதிலும் தோல் உறையில், வைத்து அலமாரியில் போடுவது அதற்கு விருந்து வைப்பது. மின்சார டிரை பாக்ஸ் வாங்கி 40 முதல் 50 சதவீதத்தில் வைக்கலாம். செலவு வேண்டாம் என்றால் ரப்பர் விளிம்புள்ள அரிசி டப்பா, 200 கிராம் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி போதும். ஜெல் பச்சையானதும் தட்டில் பரப்பி ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்தினால் மறுபடி ஆரஞ்சாகும். 30 சதவீதத்துக்குக் கீழே போக விட வேண்டாம், ரப்பரும் எண்ணெய்ப் பசையும் காய்ந்துபோகும்.

இன்னொரு தவறு ஏர்கான் அறையில் வைத்திருந்த பைனாகுலரை அப்படியே வெளியே கொண்டுபோவது. குளிர்ந்த லென்ஸில் வெளிக்காற்றின் ஈரம் படிந்து பால் ஊற்றியது போலாகிவிடும், முதல் பதினைந்து நிமிடம் போச்சு. சட்டை நுனியால் துடைத்தால் தூசியும் சேர்ந்து தேய்ந்து கீறல் விழும். முந்தின இரவே ஏர்கான் இல்லாத ஹாலில் வைத்துவிடுங்கள்; காரிலும் குளிர்காற்று படாத இடத்தில், பைக்குள்.

காலுக்கு ‘அடிடாஸ் கம்போங்’ போதும். அந்தப் பெயருக்கும் விளையாட்டு நிறுவனத்துக்கும் சம்பந்தமில்லை. ரப்பர் வெட்டுக்காரர்கள் போடும் கறுப்பு ரப்பர் ஷூ, அடியில் முள்முள்ளாக இருக்கும், ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கும். ஈரக் களிமண்ணில் விலையுயர்ந்த ஷூவைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் குதிகாலுக்குப் பஞ்சு இல்லை: தடித்த காலுறை, உள்ளே ஒரு இன்சோல். பாசி பிடித்த சிமென்டுப் படியில் எந்த ஷூவும் வழுக்கும், ஓரமாகக் கால் வையுங்கள். கைப்பிடிக் கம்பியையும் மரத்தையும் பார்க்காமல் பிடிக்காதீர்கள். பாம்புக் கோயில் புகழ் பச்சை விரியன் காட்டில் கிளையோடு கிளையாகத்தான் இருக்கும்.

டெங்கி இங்கே ஆண்டு முழுக்க உண்டு, அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு கடிப்பது காலையிலும் மாலையிலும், அதாவது நீங்கள் நடக்கும் நேரத்தில். இந்தியாவில் ஒருமுறை வந்திருந்தால் இரண்டாவது முறை தீவிரமாகும் வாய்ப்பு கூடும். முழுக்கைச் சட்டை, 20 முதல் 30 சதவீத டீட் உள்ள கொசுவிரட்டி; சன்ஸ்கிரீன் முதலில், டீட் அதன்மேல். டீட் பிளாஸ்டிக்கையும் ரப்பர் பூச்சையும் கரைக்கும், அதனால் தடவியபின் உள்ளங்கையைக் கழுவிவிட்டுத்தான் பைனாகுலரைத் தொட வேண்டும். தைப்பிங்கில் புக்கிட் லாரூட், பகாங்கில் பிரேசர் மலை என்று பயணம் போனால் அட்டை ஏறும். நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பி எடுங்கள். தீயும் உப்பும் வேண்டாம். இரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கடிவாயில் இரத்தம் நிற்க நெடுநேரம் ஆகும், அழுத்திக் கட்டத் துணி வைத்திருங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஆளுக்கு 750 மில்லி தண்ணீர். சர்க்கரை உள்ளவர்கள் கடையில் கிடைக்கும் ஹண்ட்ரட் பிளஸ் பானத்தை எடுக்குமுன் டப்பாவில் சர்க்கரை அளவைப் படியுங்கள். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; வியர்வையும் மாத்திரையும் சேர்ந்தால் தலை சுற்றும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை மும்முரம், பெரும்பாலும் பிற்பகல். முந்தின இரவு பெருமழை என்றால் மலைப்பாதை வேண்டாம், மரம் சாயும். புகைமூட்ட நாளில் காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் வீட்டிலேயே இருங்கள்.

பெயர் குழப்பம் ஒன்றும் பெரிதல்ல. மைனா, குயில், செம்பருந்து, வெண்மார்பு மீன்கொத்தி, காகம் எல்லாம் ஊரில் பார்த்தவையே. நம்மூர்க் கொண்டைக்குருவிக்கு வாலடி சிவப்பு. இங்கே உள்ளதற்கு மஞ்சள், வெள்ளைப் புருவம். கறுத்த சாம்பல் மைனா ஒன்று வரும், கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் இல்லையென்றால் ஜாவா மைனா. ஆறுமணிக்குருவியின் நீலச்சிறகு உறவுக்காரர் வலசைக் காலத்தில் வருவார். அவை இரவில் பறந்து விளக்கெரியும் மாடிக் கண்ணாடியில் மோதுவதுண்டு. அடிபட்டது கிடைத்தால் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், இருட்டில், தண்ணீர் புகட்டாமல் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துவிட்டுத் திறந்துவிடுங்கள்.

போனில் பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலியை மலேசியப் பட்டியலோடு இறக்குங்கள். தீவின் மேற்கே பாலிக் புலாவ் பக்கம் கடைவீட்டு மாடிகளில், உணவுக்கு விற்கும் கூட்டுக்காக உழவாரனை வரவழைக்க அதன் சத்தத்தை ஒலிபெருக்கியில் போடுவார்கள். செயலி அதைக் கேட்டுவிட்டு உழவாரன் என்று சொல்லக்கூடும், நம்பாதீர்கள். பறவையை வரவழைக்க அதன் பாட்டைப் போனில் போடுவதும் வேண்டாம், கூடு கட்டும் காலத்தில் அது வேலையை விட்டுவிட்டு உங்களோடு சண்டைக்கு வரும். 1940 முதல் இயங்கும் மலேசிய இயற்கைச் சங்கத்துக்குப் பினாங்கில் கிளை உண்டு. அவர்களோடு நாலு நடை போனால் ஓராண்டுப் பாடம் ஆகிவிடும்.

பாலிக் புலாவ் சுங்கை பூரோங் வயல்வெளிக்குக் காரில் போய், காரை விட்டு இறங்காமலே கொக்கு, செந்நாரை, நீலவால் பஞ்சுருட்டான் பார்க்கலாம். கார்தான் நல்ல மறைவிடம். அக்கரையில் செபராங் பிறை வயல்களில் நத்தைக்குத்தி நாரை கூட்டமாக நிற்கும். உள்ளான்களுக்கு தெலுக் ஆயர் தாவார் சேற்றுவெளி, செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஓத அட்டவணை பார்க்காமல் போனால் வற்றத்தில் சேறு அரைக் கிலோமீட்டர் நீண்டு கிடக்கும், பறவைகள் வெறும் புள்ளிகள். ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். தண்ணீர் ஏற ஏற அவை நடந்து நடந்து உங்கள் பக்கம் வந்துவிடும்.