'ஹி கேன் ஸ்பீக்ஸ்' ஏன் தவறு?

கேள்வி: 'ஹி', 'ஷி' வந்தால் வினையோடு 'எஸ்' சேர்க்க வேண்டும் என்று படித்தேன். ஆனால் 'ஹி கேன் ஸ்பீக்ஸ்' என்று எழுதினால் தவறு என்கிறார்கள். சரி, முதல் வடிவம்தான் வர வேண்டும் என்றால், 'ஷி மஸ்ட் ஹேவ் கான்' (gone) என்பதில் மூன்றாம் வடிவம் எப்படி வந்தது?

பதில்: கேன், மஸ்ட் போன்ற துணைவினைகளை மோடல் வெர்ப் என்பார்கள். மோடல் வெர்புக்கு அடுத்து வரும் முதல் வினைச்சொல்லை மட்டும் பாருங்கள். கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் எதுவானாலும் அந்தச் சொல் மூல வடிவத்தில்தான் இருக்கும். 'எஸ்' கிடையாது, 'டு' கிடையாது, 'இங்' கிடையாது. நடுவில் 'நாட்', 'ஆல்வேஸ்' போன்றவை புகுந்தாலும் மாற்றமில்லை. எனவே 'ஹி கேன் ஸ்பீக்'.

'மஸ்ட் ஹேவ் கான்' இந்த விதியை மீறவே இல்லை. மஸ்ட்டுக்கு அடுத்து நிற்பது 'ஹேவ்'. அது மூல வடிவம். 'கான்' மூன்றாம் வடிவில் வருவது அந்த ஹேவுக்காக. மஸ்ட்டுக்கும் கானுக்கும் நேரடி உறவே இல்லை. அதேபோல 'மே பி ஸ்லீப்பிங்'கில் 'இங்' வருவதும், 'மஸ்ட் பி சைன்டு' என்ற செயப்பாட்டு வினையில் மூன்றாம் வடிவம் வருவதும் 'பி' பார்க்கும் வேலை.

நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்களும் சறுக்கும் இடம் 'ஷி ஷுட் ஹேஸ் டோல்டு மி'. 'ஷி' என்றதும் கை தானாக 'ஹேஸ்' எழுதிவிடுகிறது. இடையில் ஷுட் இருப்பதால் 'ஷி ஷுட் ஹேவ் டோல்டு மி' என்பதே சரி. இதற்கு அடுத்தபடி 'குட் வென்ட்'. குட் இறந்தகாலம் என்பதால் பின்னால் வருவதையும் இறந்தகாலமாக்கத் தோன்றும். போக வாய்ப்பிருந்தும் போகவில்லை என்றால் 'குட் ஹேவ் கான்' என்று எழுதுங்கள்.

'ஹேவ் டு' பொருளில் மஸ்ட்டைப் போல இருந்தாலும் மோடல் அல்ல. அதனால் 'ஹி ஹேஸ் டு கோ' சரிதான். 'ஆட்' (ought) மட்டும் 'டு'வையும் கூட்டிக்கொண்டு வரும்: 'ஹி ஆட் டு கோ'. 'நீட்' கொஞ்சம் வம்பு பிடித்தது, மோடலாகவும் வரும், சாதாரண வினையாகவும் வரும். 'ஹி நீட் நாட் கம்', 'ஹி டஸ் நாட் நீட் டு கம்' இரண்டுமே சரி. இரண்டையும் கலந்து 'ஹி நீட் நாட் டு கம்' என்று எழுதினால்தான் தப்பு.

அப்புறம், மோடல் மூல வடிவத்தைத்தான் கேட்கும். கேனுக்கு அப்படியொரு வடிவமே இல்லை. ஆகவே 'வில் கேன்' என்று அடுக்காமல் 'வில் பி ஏபிள் டு' என்று எழுதுங்கள்.