குடிநோய்க்கு டிஎம்எஸ் காந்த சிகிச்சை பலன் தருமா? மூளையின் ரத்த ஓட்டத்தை அது சரிசெய்யுமா?

கணவருக்காகக் கேட்டிருக்கிறீர்கள். நான் என் அண்ணனுக்காக இதே கேள்வியோடு இரண்டு வருடம் அலைந்தவள். மருத்துவர் இல்லை. படித்ததையும் பக்கத்தில் இருந்து பார்த்ததையும் சொல்கிறேன்.

முதலில் ரத்த ஓட்டம். நாங்கள் போன ஓர் இடத்தில் மூளைப் படம் ஒன்றைக் காட்டினார்கள். நெற்றிப் பக்கம் மட்டும் நீலம், மற்றதெல்லாம் சிவப்பும் மஞ்சளும். "இங்கே ரத்தம் குறைவு, காந்தம் வைத்தால் சரியாகிவிடும்" என்று சொல்லிப் பணம் கட்டச் சொன்னார்கள். அப்பா, "ரத்தத்துல இரும்பு இருக்குல்ல, அதைக் காந்தம் இழுத்துட்டு வருமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அங்கே யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

காந்தம் ரத்தத்தை இழுப்பதில்லை. தலைமேல் வைக்கும் கம்பிச்சுருளில், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் மின்சாரம் பாய்ந்து நிற்கிறது. அப்போது எழும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டி, அடியில் இருக்கும் நரம்பு செல்களில் சின்ன மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த அதே தத்துவம்தான். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் அவர் குழுவினரும் அதை மூளைக்குக் கொண்டுவந்தார்கள். தூண்டப்பட்ட செல்கள் வேலை செய்யும்போது அவற்றைத் தேடி ரத்தம் கூடுதலாக வரும். பல வருடம் குடித்தவர்களுக்கு மூளையின் முன்பகுதியில் ரத்த ஓட்டம் குறைந்திருப்பது உண்மை. ஆனால் குடியை விட்டுச் சில வாரங்கள், மாதங்கள் போனால், எந்தக் கருவியும் இல்லாமலே பலருக்கு அது ஓரளவு மீள்கிறது. அந்தப் படத்தைக் காட்டியவர்கள் இதைச் சொல்லாமல் விட்டதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

சரி, பலன் இருக்கிறதா? 2010-இல் ராஞ்சியில் உள்ள மத்திய மனநல நிறுவனத்தின் ஆய்வு வெளிவந்தது. 45 குடிநோயாளிகள், 30 பேருக்கு உண்மையான சிகிச்சை, 15 பேருக்குப் பாவனைச் சிகிச்சை, அதாவது செய்வதுபோலக் காட்டி, உண்மையில் தூண்டாமல் விடுவது. வலது முன்மூளையில் நொடிக்கு 10 காந்தத் துடிப்பு, மொத்தம் 10 அமர்வு. உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்குக் குடி வேட்கை நன்றாகக் குறைந்தது. 2020-இல் சுவீடனில் இன்சுலா என்ற ஆழமான பகுதியைக் குறிவைத்து 56 பேருக்குச் செய்தார்கள். பாவனைச் சிகிச்சை பெற்றவர்களும் அதே அளவு குடியைக் குறைத்தார்கள்! 2022-இல் முன்மூளையின் நடுப்பகுதியில் 51 பேருக்குச் செய்த ஆய்வில், மிதமிஞ்சிக் குடித்த நாட்கள் உண்மையான சிகிச்சையில்தான் குறைவு. ஆக, எந்த இடத்தில் கொடுக்கிறார்கள் என்பது முக்கியமாக இருக்கலாம். எல்லாமே சின்ன ஆய்வுகள். மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ, இதை மனச்சோர்வுக்கு 2008-இலும், புகைப்பழக்கத்தைக் கைவிடுவதற்கு 2020-இலும் அனுமதித்தது. குடிநோய்க்கு அந்த அனுமதி கிடைக்கவில்லை.

பிறகு வேறொரு மருத்துவமனையில், விவரமாகப் பேசிய ஒரு மருத்துவரிடம்தான் அண்ணனுக்குச் செய்தோம். முதல் நாள் காதுக்கு மேலே சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியபடி, அவர் அண்ணனின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு சக்தி வைப்பது என்பதை அந்த விரல் துடிக்கும் அளவை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். 'டக்' என்ற சத்தத்தோடு விரல் தானாகத் துள்ளியது. மூன்று மாதம் முன்பு காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்கிய அதே கை. அப்புறம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சிகிச்சை. மரங்கொத்தி கொத்துவதுபோல ஐந்து நொடி, அரை நிமிடம் ஓய்வு, மறுபடி ஐந்து நொடி. முதல் இரண்டு நாள் தலைவலி இருந்தது.

இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம், வழக்கமாகக் கடைக்குக் கிளம்பும் நேரத்தில், திண்ணையில் உட்கார்ந்து அண்ணிக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். "வேணும்னுதான் இருக்கு. ஆனா எழுந்து போற அளவுக்கு இல்ல" என்றான். அண்ணி உள்ளே போய் அழுதாள். அதே சமயத்தில் குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரையும், குடியை விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டமும் நடந்துகொண்டிருந்தன. அதனால் எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நாலாவது மாதம் இரண்டு நாள் சறுக்கினான். மூன்றாம் நாள் அவனே மருத்துவரை அழைத்தான்.

உங்கள் கணவருக்குச் செய்வதாக இருந்தால், கடைசியாகக் குடித்த நாளை மறைக்காமல் சொல்லுங்கள். குடியை நிறுத்திய முதல் சில நாட்களில் வலிப்பு வரலாம். டிஎம்எஸ்ஸிலும் அரிதாக வலிப்பு வருவதுண்டு. முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா, தலைக்குள் உலோகத் தகடோ கிளிப்போ இருக்கிறதா, காதுக்குள் கருவி பொருத்தியிருக்கிறதா, பேஸ்மேக்கர் உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மூளையின் எந்த இடத்தில், எத்தனை அமர்வு, முடிந்த பிறகு மாத்திரையும் கவுன்சலிங்கும் தொடருமா என்று கேளுங்கள். இவற்றுக்குப் பதில் வந்த பிறகு பணம் கட்டினால் போதும்.