மகன் கனடாவிலிருந்து கொண்டுவரும் ‘வலி மிட்டாய்’: சென்னையில் இறங்கினால் என்ன ஆகும்?

கேள்வி: டொராண்டோவில் வேலை பார்க்கும் என் மகன் பொங்கலுக்குச் சென்னை வருகிறான். அவன் அப்பாவுக்கு முழங்கால் வலியால் இரவில் தூக்கமே இல்லை. அங்கே கஞ்சாச் சாறு சேர்த்த மிட்டாயைக் கடையில் பில் போட்டே விற்கிறார்களாம். ஒரு சின்ன டப்பா கொண்டுவருவதாகச் சொல்கிறான். ‘இந்தியாவிலும் சீக்கிரம் அனுமதித்துவிடுவார்கள், பயப்படாதே அம்மா’ என்கிறான். கொண்டுவரச் சொல்லலாமா?
– வாசகி, பெரம்பூர்

வழக்கறிஞரின் பதில்: வேண்டாம், அம்மா. இன்றே அவருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

கனடாவில் 2018 அக்டோபர் முதல் கஞ்சா சட்டபூர்வம்தான். ஆனால் அந்த நாட்டு எல்லைக்குள் மட்டும். அதை நாட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்வது அவர்கள் சட்டப்படியே குற்றம். அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. கடை பில் மீனம்பாக்கத்தில் உங்கள் மகனைக் காப்பாற்றாது. பொருள் என்னவென்று தெரிந்தே வாங்கினார் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும்.

இங்கே 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் எடையைப் பார்த்தே தண்டனையை முடிவு செய்கிறது. கஞ்சா என்றால் ஒரு கிலோ வரை ‘சிறு அளவு’. அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மிட்டாயில் இருப்பது பூவும் காயுமான கஞ்சா அல்ல, அதிலிருந்து பிரித்தெடுத்த டி.எச்.சி. என்னும் போதைச் சத்து. அதற்குச் சட்டத்தின் அளவுப் பட்டியலில் தனிப் பதிவு இருக்கிறது: சிறு அளவு 2 கிராம், வணிக அளவு 50 கிராம். அது மட்டுமல்ல, கலந்திருக்கும் மற்றப் பொருட்களின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மிட்டாயில் இருக்கும் சர்க்கரையும் எடைதான்! சத்து சில நூறு மில்லிகிராம்தான் என்றாலும், டப்பாவின் மொத்த எடை 50 கிராமைத் தாண்டினால் ‘வணிக அளவு’ என்று அரசுத் தரப்பு வாதிட இடம் இருக்கிறது. அது ஏற்கப்பட்டால் குறைந்தபட்சமே 10 ஆண்டு சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். ஜாமீனும் எளிதில் கிடைக்காது. குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் உண்டென்று நீதிமன்றம் முதலில் திருப்தி அடைய வேண்டும். அரைக் கிலோ கஞ்சாவைவிட அரை டப்பா மிட்டாய் பெரிய வழக்காகிவிடக்கூடும் என்பது எனக்கும் விசித்திரமாகத்தான் படுகிறது. ஆனால் அந்த விசித்திரத்தை உடைக்கும் சோதனை வழக்கு உங்கள் மகனுடையதாக இருக்க வேண்டியதில்லை.

கூரியரில் அனுப்பலாமே என்று அடுத்து கேட்பார். அது இன்னும் மோசம். பார்சலில் உங்கள் கணவரின் பெயர் இருக்கும்.

‘சீக்கிரம் அனுமதித்துவிடுவார்கள்’ என்ற பேச்சுக்கு வருகிறேன். விவாதம் நடப்பது உண்மை. 1894-லேயே பிரிட்டிஷ் அரசு அமைத்த ஆணையம் முழுத் தடை வேண்டாம் என்றது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியபோது இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. உத்தரகாண்ட் 2018-இல் பயிரிட உரிமம் கொடுக்கத் தொடங்கியது, ஆனால் அது போதைச் சத்து 0.3 சதவீதத்துக்குக் குறைவான, நாருக்காக வளர்க்கும் கஞ்சா வகைக்கு. சொந்த உபயோகத்துக்காகப் பிடிபடுபவரைச் சிறைக்கு அனுப்புவதில் பயனில்லை என்பது என் கருத்து. அந்தக் கருத்தை வைத்துக்கொண்டு சுங்க அதிகாரியிடம் வாதாட முடியாது. திறந்த கதவு திறந்தே இருக்கும் என்ற உறுதியும் இல்லை: தாய்லாந்து 2022-இல் தளர்த்திவிட்டு, 2025-இல் மருத்துவச் சீட்டு கட்டாயம் என்று திரும்பிவிட்டது.

உங்கள் கணவரின் வலிக்கு முதலில் மூட்டு மருத்துவரைப் பாருங்கள். பாரம்பரிய மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. கஞ்சாவுக்கு ஆயுர்வேதத்தில் வழங்கும் ‘விஜயா’ என்ற பெயரில் இணையத்தில் விற்கும் எண்ணெய்களை நீங்களாக வாங்காதீர்கள். கஞ்சா இலை சேர்ந்த ஆயுர்வேத, சித்த மருந்துகள் நச்சுப்பொருள் பட்டியலுக்கு உட்பட்டவை. மருத்துவக் கண்காணிப்பில்தான் உட்கொள்ள வேண்டும். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: அங்கே அவரே பயன்படுத்துபவராக இருந்தால், புறப்படும் முன் ஜாக்கெட் பையையும் பெட்டியின் ஓரப் பைகளையும் ஒருமுறை கொட்டிப் பார்க்கட்டும். மறந்து போனது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில்தான் விழும்.