ஐந்து சிலிண்டர் மணல் பகிக்கு எந்த இன்ஜின் கம்ப்யூட்டர்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் டோங்காட்டில் இருக்கிறேன். மச்சானும் நானும் சேர்ந்து ஒரு மணல் பகி (மணல்மேட்டில் ஓட்டும் இலகு வண்டி) கட்டிக்கொண்டிருக்கிறோம். பழைய வோக்ஸ்வாகன் கோம்பி வேனின் 2.6 லிட்டர், ஐந்து சிலிண்டர் இன்ஜினை ஸ்கிராப்யார்டில் வாங்கினோம். டர்போ கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டர் (தீப்பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது) இருக்கிறது, ஆனால் வயரிங்கும், பெட்ரோலையும் பொறியையும் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரும் கிடைக்கவில்லை. நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய மோடெக் கம்ப்யூட்டர் பெட்டியை மலிவாகத் தருகிறேன் என்கிறார். கடைக்காரரோ உள்ளூர்ப் பெட்டியே போதும் என்கிறார். கேப் டவுன் பக்கம் அட்லாண்டிஸ் மணல்மேடுகளில் ஓட்ட ஆசை. எதை வாங்கலாம், அண்ணா?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தம்பி. டர்பன் தமிழர் வாயில் பின்னால் பெட்டி வைத்த பிக்கப் வண்டியும் பக்கிதான், மணலில் பறக்கிற பகியும் பக்கிதான். உங்கள் கடிதத்தின் முதல் வரியைப் படித்ததும் ஹைலக்ஸ் பிக்கப்புக்குத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். சரி, விஷயத்துக்கு வருவோம்.

நல்ல இன்ஜினாகத்தான் வாங்கியிருக்கிறீர்கள். மற்ற நாடுகளில் அந்தக் கோம்பி நின்றுபோன பிறகும் 2002 வரை நம் நாட்டில் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஐந்து சிலிண்டர் போட்டு விற்றதும் இங்கேதான். அதனால் உதிரிப் பாகத்துக்கு இங்கே கஷ்டம் இருக்காது. ஆனால் கம்ப்யூட்டர் என்று வரும்போது அந்த ஐந்து என்ற எண்தான் தொந்தரவு. மோடெக்கா, உள்ளூரா என்பதை அப்புறம் பார்க்கலாம். உங்கள் இன்ஜினுக்கு அந்தப் பெட்டி என்ன வேலை செய்ய வேண்டும் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

நான்கு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் ஒரே நேரத்தில் உச்சிக்கு வரும். அதனால் ஒரு காயில் இரண்டு பிளக்குக்குச் சேர்த்துத் தீப்பொறி கொடுக்கலாம். வீணாகப் போகும் பொறியால் கெடுதல் இல்லை. ஆறிலும் எட்டிலும் இதே கதைதான். ஐந்தில் இது நடக்காது. கிராங்க் 144 டிகிரிக்கு ஒருமுறை ஒரு சிலிண்டருக்கு வேலை கொடுக்கிறது. எந்த இரண்டு பிஸ்டனும் சேர்ந்து உச்சிக்கு வருவதில்லை. ஆகவே ஜோடிக் காயில் உங்களுக்கு ஆகாது. மிச்சம் இரண்டு வழிதான். ஒன்று, இருக்கிற டிஸ்ட்ரிபியூட்டரையும் ஒரே காயிலையும் வைத்துக்கொள்வது. இன்னொன்று, ஐந்து தனிக் காயில், அதோடு கேம் சென்சார், ஐந்து இக்னிஷன் அவுட்புட் உள்ள பெட்டி. இரண்டாவது வழியில் செலவு எக்கச்சக்கமாக ஏறும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு அதனால் பெரிய லாபமும் இல்லை. நான் டிஸ்ட்ரிபியூட்டரையே வைத்திருப்பேன்.

அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இனி டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, முன்னே பின்னே நகர்த்தப்போவது கம்ப்யூட்டர். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளே எடைக்கட்டைகளோ வேக்குவம் இழுப்போ இருந்தால் அவற்றைப் பூட்டிவிடுங்கள். பிறகு பொறி விழும் நேரத்தில் ரோட்டர் முனை மூடியின் முனைக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். பழைய மூடி ஒன்றில் ஒன்றாம் சிலிண்டர் முனை பக்கத்தில் ஓட்டை போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, டைமிங் லைட்டை அந்த ஓட்டைக்குள் அடியுங்கள். ரோட்டர் அப்படியே உறைந்து நிற்பது போலத் தெரியும். 10 டிகிரியிலும் 30 டிகிரியிலும் அது முனையை விட்டு விலகாமல் இருக்க வேண்டும். விலகினால் பொறி பக்கத்து சிலிண்டருக்குத் தாவும். அந்தத் தடுமாற்றத்துக்குப் பாவம் கம்ப்யூட்டர்தான் திட்டு வாங்கும்.

அடுத்தது கிராங்க் சென்சார், அதாவது கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்வது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சாரை வைத்தே இன்ஜின் ஓடும், ஆனால் பல்சக்கரத் தளர்ச்சியால் டைமிங் ஆடும். கிராங்க் புல்லியில் 60 பல்லில் இரண்டு இல்லாத சக்கரத்தைப் பொருத்துங்கள். ஒரு பல்லுக்கு 6 டிகிரி, 144 டிகிரிக்குச் சரியாக 24 பல். 36 பல் சக்கரம் என்றால் 14.4 என்று கணக்கு உடையும்; எளிய பெட்டிகள் சில அதில் திணறும். சக்கரத்தைப் புல்லியின் உள்குடத்தில் பொருத்துங்கள். ரப்பருக்கு வெளியே இருக்கும் வளையத்தில் பொருத்தினால், அந்த வளையம் ஒருநாள் நழுவும், டைமிங்கும் கூடவே நழுவும். சென்சார் இடைவெளி சுமார் 1 மில்லிமீட்டர். பிடிமானம் கனமான இரும்பாக இருக்கட்டும்.

இன்ஜெக்டருக்கு சிலிண்டர் வாரியாகத் தனி அவுட்புட் தேவையில்லை. மூன்றும் இரண்டுமாகப் பிரித்து இரண்டு அவுட்புட்டில் ஓட்டலாம். ஆனால் கழற்றி வைத்திருக்கும் இன்ஜெக்டரை மீட்டரில் அளந்து பாருங்கள். 12 முதல் 16 ஓம் காட்டினால் கவலையில்லை, ஒன்று சுமார் ஒரு ஆம்பியர்தான் இழுக்கும். 2, 3 ஓம் காட்டினால் ரெசிஸ்டர் போடாமல் இணைக்காதீர்கள். பெட்டியின் டிரைவர் புகைந்துவிடும்.

ஆக உங்களுக்கு வேண்டியது இரண்டு இன்ஜெக்டர் அவுட்புட், ஒரு இக்னிஷன் அவுட்புட், பெட்ரோல் பம்புக்கும் விசிறிக்கும் ரிலே, லாம்டா (புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் சென்சார்) உள்ளீடு, ஆயில் பிரஷர் உள்ளீடு, லாகிங் (ஓடும்போது அளவுகளைப் பதிவு செய்வது). இவ்வளவுதான். நம் நாட்டுத் தயாரிப்புகளான டிக்டேட்டர், கோடெக், ஸ்பிட்ரானிக்ஸ் எல்லாமே இந்த வரம்புக்குள் வருபவைதான். எந்த மாடலில் ஐந்து சிலிண்டரும் லாகிங்கும் உண்டு என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டு ஹால்டெக், லிங்க் இன்னும் வசதியானவை, விலையும் அதற்கேற்ப. நாமே சேர்த்துக் கட்டும் ஸ்பீடுயினோ மலிவு, சாலிடரிங் கை இருந்து, சனிக்கிழமைகளைத் தியாகம் செய்யத் தயாராக இருந்தால் சரி.

நண்பரின் மோடெக் தரமான பெட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் பழைய மோடெக்கில் லாகிங் போன்ற வசதிகள் தனித்தனியாகக் காசு கொடுத்துத் திறக்க வேண்டியவை. பெட்டியில் எவை திறந்திருக்கின்றன, லேப்டாப்பில் இணைகிறதா, எந்தக் கேபிள், பாஸ்வேர்டு உண்டா என்று பார்த்துவிட்டுக் காசை எடுங்கள். எனக்கு ஒருமுறை டியூன் செய்து கொடுத்தவர் மேப்பை (பெட்டிக்குள் இருக்கும் பெட்ரோல், பொறி அட்டவணையை) பூட்டி வைத்துவிட்டார். அடுத்த இன்ஜெக்டர் மாற்றத்துக்கு மறுபடியும் அவரிடமே போக வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பேச்சின் முதல் வரியே “மேப் எனக்குத் திறந்திருக்குமா?” என்பதுதான். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எந்தப் பெட்டியை டியூன் செய்யத் தெரிந்த ஆள் இருக்கிறாரோ, அந்தப் பெட்டிக்கே என் ஓட்டு.

டியூன் செய்பவரிடம் இதையும் சொல்லுங்கள்: சுமையை த்ராட்டில் கோணத்தை வைத்துக் கணக்கிட வேண்டாம், மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடட்டும். டர்பனில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல், ஜோஹன்னஸ்பர்க்கில் 82, 83தான். த்ராட்டிலை மட்டும் நம்பும் மேப் மேலே போனதும் கரும்புகை கக்கும். அட்லாண்டிஸ் கடல்மட்டத்துக்குப் பக்கம்தான், ஆனால் பகி வைத்திருப்பவன் ஒரே மணலோடு நின்றதாக நான் பார்த்ததில்லை.

டைனோவில் (இன்ஜின் சக்தியை அளக்கும் இயந்திரத்தில்) பத்து வினாடி இழுத்துக் காட்டினால் போதாது. மணல்மேட்டில் மூன்றாம் கியரில், முழு த்ராட்டிலில், 3,500 சுற்றில் இன்ஜின் முக்கிக்கொண்டே நிற்கும். அந்தப் பகுதியை நிறுத்தி வைத்து டியூன் செய்யச் சொல்லுங்கள். மேட்டு உச்சியில் சக்கரம் மணலை விட்டதும் சுற்று எகிறும். சுற்று வரம்பை நான் 5,800க்கு மேல் வைக்க மாட்டேன். ஆயில் பிரஷர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் வசதியைக் கட்டாயம் போடுங்கள். செங்குத்தில் ஏறும்போது ஆயில் பின்னால் ஓடிவிடும். காற்று வெப்ப சென்சாரை உலோக மேனிஃபோல்டில் செருகாதீர்கள். அது இன்ஜின் சூட்டைக் காற்றின் சூடு என்று நம்பிப் பெட்ரோலைக் குறைத்துவிடும். ஃபில்டருக்கு அடுத்த பிளாஸ்டிக் குழாய்தான் அதற்கு இடம்.

கடைசியாக வயரிங். என் முதல் பகியில் கம்ப்யூட்டரின் எர்த்தைப் பவுடர் கோட்டிங் அடித்த சேசிஸில் போல்ட் போட்டு முறுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. விசிறி ஓடும்போதெல்லாம் இன்ஜின் இருமும். சென்சார், காயில், பம்ப் எல்லாம் மாற்றினேன், இரண்டு வாரம் போயிற்று. ஒருநாள் லாகைப் பார்த்தால் விசிறி சுழலும் நொடியில் வோல்டேஜ் 13.8லிருந்து 11.2க்கு விழுகிறது. போல்ட்டைக் கழற்றினேன், அடியில் பெயின்ட் பளபளவென்று அப்படியே இருந்தது! எல்லா எர்த்தையும் இன்ஜின் பிளாக்கில் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பெட்டி சீட்டுக்குப் பின்னால், உயரத்தில், ரப்பர் மேல், கனெக்டர் கீழ்நோக்கி இருக்கட்டும். வயரிங்குக்குப் பெட்டி விலைக்குச் சமமாக ஒதுக்குங்கள்.

இன்னொன்று, டோங்காட்டில் கடல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று கடற்கரையில் சோதனை ஓட்டம் போட்டுவிடாதீர்கள். பொழுதுபோக்குக்காகக் கடற்கரையில் வண்டி ஓட்டுவது 2002 முதல் தடை. அட்லாண்டிஸுக்கும் கேப் டவுன் நகராட்சியின் பர்மிட் வேண்டும். 1,600 கிலோமீட்டர் ட்ரெய்லர் இழுத்துப் போவதற்கு முன்பே வாங்கி வையுங்கள்.

இன்ஜெக்டர் ஓம் அளவையும், புல்லியை முன்பக்கத்திலிருந்து எடுத்த படத்தையும் அனுப்புங்கள். பல்சக்கரத்தை எங்கே பொருத்தலாம் என்று அடுத்த பதிலில் வரைந்து காட்டுகிறேன். அதுவரை நண்பருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.