இது நம் ஊர்க் கதையா?

அன்புள்ள ஐயா,

அண்மைக் காலமாக நாவல்களிலும் படங்களிலும் தன்பாலின ஈர்ப்பும் திருநங்கையர் வாழ்வும் அளவுக்கு மீறிப் பேசப்படுகின்றன. பெருநகரத்துச் சிலரின் பிரச்சினையை எங்கள் ஊர்க் குடும்பங்களுக்குள் ஏன் கொண்டுவருகிறீர்கள்?

ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

மனத்தில் பட்டதை நேராகக் கேட்டதற்கு நன்றி. இக்கேள்விக்குத் திருச்செங்கோட்டு மலைமேல் ஆணும் பெண்ணுமாய் நிற்கும் அர்த்தநாரீசுவரரைக் காட்டிப் பதில் சொல்லிவிடுவது பலரது வழக்கம். நான் அதைச் செய்யப்போவதில்லை. அந்த மலையேறிக் கும்பிட்டு வருகிறவர்களின் வீடுகளிலும் நடையில் பெண்மை தெரிந்த மகன் அடிபட்டிருக்கிறான்.

நாமக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த திருநங்கை அ. ரேவதியின் தன்வரலாறான 'வெள்ளை மொழி' 2011இல் வெளிவந்தது. அதில் அவரை அடிப்பவர்கள் உடன்பிறந்த அண்ணன்மார். பிற்பாடு குடும்பச் சொத்தில் அவருக்குப் பங்கு உண்டா என்ற பேச்சும் எழுகிறது. காடும் தோட்டமும் யாருக்குச் சேரும் என்று பங்காளிகளுக்குள் தலைமுறைதோறும் நடக்கும் நம்முடைய வழக்குதானே இது?

படங்களைப் பொறுத்தவரை எனக்கும் சலிப்பு உண்டு, ஆனால் காரணம் வேறு. முன்பு கேலிக்காகக் காட்டப்பட்டவர்கள் இப்போது பெரும்பாலும் இரக்கத்துக்காகக் காட்டப்படுகிறார்கள். காதலை வீட்டில் சொல்லும் காட்சியோடு, அல்லது ஒரு சாவோடு கதை முடிந்துவிடுகிறது. தன்பாலின உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் கல்யாணம் செய்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் இன்னும் அப்படியே இருக்கிறது.

அந்தக் கல்யாணத்தைச் சற்றே எண்ணிப்பாருங்கள். கூட்டம் என்னும் குலப்பிரிவை விசாரித்து, பொருத்தம் பார்த்து, கொங்குக் கல்யாணச் சடங்கான இணைச்சீருக்கு உடன்பிறந்தவள் பக்கத்தில் நிற்க, மாப்பிள்ளை தலைகுனிந்திருக்கிறான். தன் மனம் அவனுக்குத் தெரியும்; அவன் தாய்க்கும் அரைகுறையாகத் தெரியும்; ஒன்றுமே தெரியாதவள் மணமேடைக்கு அழைத்துவரப்படும் பெண் மட்டுமே. ஆண்டுகள் சென்றபின் "இன்னும் விசேசம் இல்லையா?" என்று அவளிடம்தான் கேட்பார்கள். கோயில் கோயிலாக விரதமிருப்பவளும், கோவைக்கும் ஈரோட்டுக்கும் மருத்துவமனை ஏறி இறங்குபவளும், மலடி என்ற பேரைச் சுமப்பவளும் அவள்தான். அவனுடைய துயரம் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை; ஆனால் அவனை மறைத்துவைப்பதற்கான விலையை அவளிடமிருந்து வாங்குகிறோம் என்பது எனக்குத் தாளவில்லை.

நான் இப்போது எழுதிவரும் கதை அந்தப் பெண்ணின் பக்கமிருந்து சொல்லப்படுகிறது. வெளிவந்ததும் படித்துவிட்டு, உடன்பாடில்லை என்றாலும் எழுதுங்கள்.