பழுது பார்த்துப் பயன்படுத்தும் வழக்கம் ஏன் குறைந்துவிட்டது? மக்களுக்குப் பொறுமை இல்லையா?

பொறுமை எங்கேயும் போகவில்லை. பிரிக்கவே முடியாத பொருளைத் தலையில் கட்டிவிட்டு, "சரிசெய்யாமல் தூக்கிப் போடுகிறார்கள்" என்று மக்களைக் குறை சொல்வது நியாயமில்லை. சீலிங் ஃபேனையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஃபேனில் கெட்டுப்போகிற சாமான்கள் முக்கியமாக மூன்றுதான். மெதுவாகச் சுற்றினால் கண்டன்சர். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங். பல ஃபேன்களுக்கு 6202 என்று எண்ணைச் சொன்னாலே கடையில் எடுத்து நீட்டிவிடுவார்கள். காயில் எரிந்துபோனால் ரீவைண்டிங் கடை. எங்கள் பகுதிக் கடையில் அந்த வேலையை நின்று பார்த்திருக்கிறேன். கருகிய கம்பியை உருவும்போதே எத்தனை சுற்று என்று கடைக்காரர் எண்ணிக்கொள்வார். கம்பியின் கேஜ் பார்ப்பார். அதே கனத்தில் புதுச் செம்புக் கம்பி சுற்றி, இடையில் காகிதம் செருகி, வார்னிஷ் ஊற்றி, குண்டு பல்புக்கு அடியில் காயவைப்பார். எந்தக் கம்பெனி ஃபேன் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கழற்றிய செம்புக்கும் எடைக்குக் காசு உண்டு.

இப்போது வருகிற பி.எல்.டி.சி. ஃபேன் (சர்க்யூட் போர்டு மூலம் இயங்கும், பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் ஃபேன்), பழையது 75 வாட் இழுத்த இடத்தில் சுமார் 30 வாட்தான் இழுக்கிறது. நல்ல விஷயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வோல்டேஜ் ஏறி இறங்கி உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டால்? ஒரு கம்பெனி போர்டு பெரும்பாலும் இன்னொன்றுக்குச் சேராது. சிலவற்றில் போர்டு மேலேயே பிசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள். எங்கள் ஹால் ஃபேனுக்கு வாரண்டி முடிந்த பிறகு கிடைத்த பதில், "புதுசே வாங்கிடுங்க சார்". மோட்டார், இறக்கை எல்லாம் நன்றாக இருக்கும்போதே! இத்தனை கைத்தொழில் தெரிந்த அந்த ரீவைண்டிங்காரர், இப்போது போர்வெல் மோட்டார்களை நம்பித்தான் கடை நடத்துகிறார்.

இதற்குச் சட்டம்தான் வழி என்று நினைக்கிறேன். பிரான்ஸில் 2021-இல் செல்போன், லேப்டாப், வாஷிங் மெஷின் போன்றவற்றுக்கு, எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விற்கவேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். உதிரிபாகம் கிடைப்பதும் அதன் விலையும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. தகவல் தருவதோடு நிற்காமல், உதிரிபாகத்தைத் தனியாக விற்றே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டும். ஃபேனில் மின்சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் லேபிள் ஒட்டுவதை 2023 முதல் கட்டாயமாக்கத் தெரிந்த அரசுக்கு இது முடியாத காரியமா?

அதுவரை, ஃபேன் வாங்கும்போது ஸ்டாரோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: போர்டு தனியாகக் கிடைக்குமா, என்ன விலை? நான் கேட்காமல் வாங்குவதில்லை.